1 கிலோ 200 கிராம்

இரண்டு இதழ்களுக்கு முன்பு ஒரு வாசகருக்குப் பொய்க் கஞ்சா வழக்கு பற்றிப் பதில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதே விஷயம்தான். அதனால் இந்த வாரம் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர்களைப் போடவில்லை, காரணம் உங்களுக்கே தெரியும்.

என் மகனுக்கு 22 வயது, லோடு ஆட்டோ ஓட்டுகிறான். போன மாதம் ஒரு நாள் ராத்திரி 8 மணி இருக்கும், டீக்கடை வாசலில் நின்றவனை மப்டியில் வந்த இரண்டு பேர் 'ஒரு விசாரணை' என்று பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் மத்தியானம் 1 கிலோ 200 கிராம் கஞ்சாவோடு பிடித்ததாக ரிமாண்ட் செய்துவிட்டார்கள். அவனுக்கு பீடிப் பழக்கம்கூடக் கிடையாது. நாங்கள் என்ன செய்வது? — ஒரு தாய், தேனி மாவட்டம்

அம்மா, முதலில் அந்த எடையைப் பாருங்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்டிபிஎஸ்ஸில் கஞ்சா 1 கிலோ வரை இருந்தால் அது சிறு அளவு, அதிகபட்சம் 1 ஆண்டு சிறை. 1 கிலோவைத் தாண்டினால் 10 ஆண்டு வரை போகலாம். 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு, குறைந்தபட்சமே 10 ஆண்டு, ஜாமீனும் குதிரைக்கொம்பு. 1.1, 1.2, 1.25 என்று 1 கிலோவை ஒட்டி நிற்கும் எடைகளை வக்கீலாக நான் இத்தனை வருடத்தில் எத்தனை மகஜரில், அதாவது பறிமுதலைச் சாட்சிகளோடு எழுதும் போலீஸ் காகிதத்தில், பார்த்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. எல்லாமே பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்படி ஒரு எடை வரும்போது வழக்கறிஞர் இரண்டு தடவை படிக்க வேண்டும். உங்களுக்கு ஒரு ஆறுதல், இது வணிக அளவு இல்லை என்பதால் 37-ஆம் பிரிவின் கடுமையான ஜாமீன் நிபந்தனை உங்கள் மகனுக்குப் பொருந்தாது. சிறப்பு நீதிமன்றத்தில் உடனே ஜாமீன் மனு போடச் சொல்லுங்கள்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது, அதை வக்கீலுக்காகக் காத்திருக்காமல் நீங்களே தொடங்க வேண்டும். உங்கள் மகனைக் கூட்டிப் போனது ராத்திரி 8 மணி. போலீஸ் காகிதத்தில் கைது நேரம் மறுநாள் விடியற்காலையோ காலையோ என்று இருக்கும். இந்த இடைப்பட்ட ராத்திரிதான் உங்கள் வழக்கு. அந்த ராத்திரி அவன் எங்கே இருந்தான் என்பதைக் காட்டிவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியும். டீக்கடை, பக்கத்து மெடிக்கல் ஷாப், பெட்ரோல் பங்க் எங்கே கேமரா இருந்தாலும் இன்றைக்கே போய்க் கேளுங்கள். கடைகளில் பதிவு பத்து பதினைந்து நாளில் அழிந்து மேலே புதுப் பதிவு ஏறிவிடும், கேமராவைப் பொறுத்து ஒரு மாதம் நிற்கலாம். கிடைப்பதைப் பென் டிரைவில் வாங்கிக்கொண்டால் மட்டும் போதாது, பதிவுப் பெட்டியை அழிக்காமல் பத்திரமாக வைக்கச் சொல்லிக் கடைக்காரருக்கு எழுத்தில் கொடுங்கள். காவல் நிலையத்தின் கேமராவும் இருக்கிறது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நாட்டின் எல்லா காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கான கருவி கிடைக்காத இடத்தில் குறைந்தது ஒரு வருடமாவது வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த ராத்திரியின் நிலையப் பதிவையும், அந்தக் காவலர்களின் செல்போன் டவர் விவரங்களையும் அழியாமல் பாதுகாக்கக் கோரி நீதிமன்றத்தில் மனு போடச் சொல்லுங்கள். 'போலீஸ்காரர் போன் விவரமெல்லாம் தருவார்களா' என்று வக்கீல் தயங்கினால், 2014-இல் ஒரு போதைப்பொருள் வழக்கிலேயே குற்றம் சாட்டப்பட்டவர் கேட்டபடி அழைப்பு விவரங்களை வரவழைக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்ததைச் சொல்லுங்கள்.

முன்பெல்லாம் இந்த மாதிரி நேரத்தில் தந்தி கொடுப்போம். மகனைப் பிடித்துப் போன அரை மணி நேரத்தில் தாய் தந்தி ஆபீசுக்கு ஓடி, எஸ்.பி.க்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் 'என் மகனை இத்தனை மணிக்கு இன்ன இடத்தில் பிடித்துப் போனார்கள்' என்று நாலு வரி அனுப்பிவிட்டு, தேதியும் நேரமும் போட்ட ரசீதை முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள். ஒன்றரை வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் அந்த ரசீதை இன்ஸ்பெக்டர் கையில் கொடுக்கும்போது கோர்ட்டே அமைதியாகிவிடும். 2013 ஜூலையோடு தந்தி நின்றுபோனது. அதன் இடத்தை இன்று மின்னஞ்சல் பிடித்திருக்கிறது, முதல்வரின் தனிப்பிரிவு மனு இருக்கிறது, பதிவுத் தபால் இருக்கிறது. இதைப் படிக்கும் மற்றவர்களும் நினைவில் வையுங்கள். வீட்டுப் பிள்ளையைக் கூட்டிப் போனால் அழுதுகொண்டு ஸ்டேஷன் வாசலில் நிற்பதற்கு முன்னால் ஒரு மின்னஞ்சல். நேரம் தானாகப் பதிவாகும்.

நான் ஆட்டோ ஓட்டுகிறேன். ஸ்டேஷன் எதிரேதான் ஸ்டாண்டு. 'சும்மா ஒரு கையெழுத்து' என்று கூப்பிட்டு எழுதாத தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். போடாவிட்டால் தினமும் கேஸ். இப்போது ஒரு கஞ்சா வழக்கில் சாட்சி சொல்ல சம்மன் வந்திருக்கிறது. நான் எதையும் பார்க்கவில்லை. — திருப்பூர்

தம்பி, கூண்டில் ஏறி உண்மையைச் சொல்லுங்கள். 'கையெழுத்து என்னுடையது, தாளில் அப்போது எழுத்து இல்லை, நான் எந்தப் பறிமுதலையும் பார்க்கவில்லை.' அவ்வளவுதான். பிறழ் சாட்சி, அதாவது தங்களுக்கு எதிராகத் திரும்பியவர், என்று அரசுத் தரப்பு அறிவிக்கும், கோபமாகக் கேள்வி கேட்பார்கள், பயப்படாதீர்கள். பார்க்காததைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்வதுதான் குற்றம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரு பழைய வழக்கு ஞாபகம் வந்தது. பறிமுதல் மகஜர் என்பது சம்பவ இடத்திலேயே, பிடித்த நிமிடத்திலேயே எழுதப்படுவது. அதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குத் திரும்பிய பிறகுதான் எஃப்ஐஆர் பதிவாகும், அப்போதுதான் குற்ற எண் பிறக்கும். அந்த வழக்கில் புளியமரத்தடியில் காலை 6 மணிக்கு எழுதியதாகச் சொன்ன மகஜரின் தலைப்பிலேயே குற்ற எண் இருந்தது, அதுவும் கம்ப்யூட்டரில் அடித்த எழுத்தில். எஃப்ஐஆர் பதிவானதோ 8 மணிக்கு. இரண்டு மணி நேரம் கழித்துப் பிறக்கப்போகும் எண் புளியமரத்தடிக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். ஏட்டு பேசாமல் நின்றார். எடை போட்ட தராசு யாருடையது என்று கேட்டேன், ஒரு மளிகைக் கடையில் வாங்கியது என்றார். எந்தக் கடை என்றால் பெயர் தெரியவில்லை, காலை 6 மணிக்கு அது திறந்திருந்ததா என்றால் அதற்கும் பதில் இல்லை. அரக்கு எதை வைத்து உருக்கினீர்கள்? தீப்பெட்டி. சீல் யாரிடம் இருந்தது? என்னிடமே. என் கட்சிக்காரர் விடுதலையானார், ஆனால் அதற்குள் நாலு வருடம் போயிருந்தது, அவருடைய அப்பா அந்த நாலு வருடத்துக்குள் இறந்துபோயிருந்தார். அந்த ஏட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அந்தக் கடைசி வரிதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிஎன்எஸ்எஸ், 105-ஆவது பிரிவில் இடத்தைச் சோதனையிடுவதையும் பொருளைக் கைப்பற்றுவதையும் வீடியோவாகப் பதிவு செய்து தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. போனிலேயே எடுக்கலாம். ஆகவே இனி வரும் வழக்குகளில் முதல் கேள்வி 'வீடியோ எங்கே' என்பதாக இருக்க வேண்டும்.

வழியில் நிறுத்திச் சட்டைப் பையைச் சோதிக்கிறோம் என்றால் மறுக்கலாமா? — கல்லூரி மாணவர், நாகர்கோவில்

மறுத்து மல்லுக்கட்ட வேண்டாம். ஆனால் என்டிபிஎஸ் சட்டத்தின் 50-ஆம் பிரிவுப்படி உங்கள் உடம்பைச் சோதிப்பதற்கு முன்னால், ஒரு கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதனை நடத்தக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று அவர்கள் சொல்லியாக வேண்டும். 2010-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதை உறுதியாகச் சொன்னது. 'வேண்டும்' என்று சத்தமாகச் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவர்கள் காதில் விழட்டும். ஒன்று, இது உடம்புச் சோதனைக்குத்தான். கையில் வைத்திருக்கும் பைக்குப் பொருந்தாது என்று 2005-இல் தீர்ப்பு இருக்கிறது. பொய் வழக்குகளில் கஞ்சா எப்போதும் ஒரு கட்டைப் பையில் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

போதைப்பொருள் சோதிக்கும் கிட் வைத்து அந்த இடத்திலேயே சோதித்து நிறம் மாறினால் அது போதைப்பொருள்தானே? அதற்குப் பிறகும் பொய் வழக்கு என்றால் எப்படி? — மருந்தாளுநர், கோவை

உங்களுக்கே தெரிந்திருக்கும், நிறம் மாறுவது ஒரு ஊகம், அவ்வளவுதான். அமெரிக்காவில் புளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில் 2015-இல் ஒரு முதியவரின் காரில் கிடந்த வெள்ளைத் துணுக்கை இப்படிச் சோதித்து மெத் என்ற போதைப்பொருள் என்று கைது செய்தார்கள். ஆய்வகம் சொன்னது, அது டோனட் மேலே பூசும் சர்க்கரை. நகர நிர்வாகம் 37,500 டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது.

நம் பக்கத்து மாநிலத்துக்கே வாருங்கள். கேரளத்தில் 2023-இல் ஒரு பெண்ணின் பையில் எல்எஸ்டி என்ற போதைப்பொருள் தடவிய ஸ்டாம்ப் இருந்ததாகக் கலால் துறை கைது செய்தது. 72 நாள் சிறையில் இருந்தார். ஆய்வக அறிக்கை வந்தபோது அதில் எல்எஸ்டியே இல்லை. அவரை மாட்டிவிட யாரோ வைத்துவிட்டுத் தகவலும் கொடுத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் வெளியே வந்தது. தகவல் சொன்னவனை யாரும் அன்றைக்கே சந்தேகப்படவில்லை, ஆய்வக அறிக்கை வரும்வரை காத்திருக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. அந்த 72 நாளில் ஒரு சின்னத் தொழில் நடத்துகிறவருக்கு என்ன மிஞ்சும்? பொய்த் தகவல் கொடுத்துக் கைது செய்ய வைத்தால் 2 ஆண்டு வரை சிறை என்று என்டிபிஎஸ் சட்டத்தின் 58-ஆம் பிரிவே சொல்கிறது. அதை எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு.

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எங்கள் ஊரில் பத்தாம் வகுப்புப் பையன்கள் கஞ்சா பிடிக்கிறார்கள். நீங்கள் போலீஸின் கையைக் கட்டுவது போல எழுதுகிறீர்கள். ஒன்றிரண்டு தவறு நடந்தாலும் பெரிய நன்மைக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டாமா? — விருதுநகர் மாவட்டம்

ஐயா, உங்கள் கவலையில் எனக்குச் சந்தேகமே இல்லை. கஞ்சாவால் புத்தி பேதலித்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்மார்கள் என் ஆபீசுக்கும் வந்திருக்கிறார்கள். ஆனால் பொய் வழக்கு அந்தப் பையன்களைக் காப்பாற்றவில்லை என்பதுதான் என் வாதம். 2021 டிசம்பரில் 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' தொடங்கியபோது பெரிய வியாபாரிகளும் பிடிபட்டார்கள், அது நல்லது. ஆனால் இத்தனை நாளில் இத்தனை கேஸ் என்று மேலிருந்து கணக்குக் கேட்கும்போது, கணக்கு நிரம்ப எளிய வழி எது? ஏற்கெனவே ஒரு அடிதடி வழக்கு இருக்கிற, வக்கீல் வைக்க வசதியில்லாத, தெருமுனையில் நிற்கிற பையன். அவன் உள்ளே போன அன்றைக்கு உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் பக்கத்தில் பொட்டலம் விற்றவன் நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

வழக்கு உண்மையாகவே இருந்தாலும், விதிகளைக் கால் தூசியாக நினைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. இரண்டு பேரிடம் 22 கிலோ கஞ்சா பிடித்ததாக வழக்கு. நீதிமன்றத்துக்கு வந்தது சில கிராம் மாதிரிகள் மட்டும். மீதியை எலி தின்றுவிட்டது என்று போலீஸ் சொன்னது. 2023-இல் இருவரும் விடுதலை. கைப்பற்றிய பொருளை மாஜிஸ்திரேட் முன்னிலையில் பட்டியலிட்டு, படம் எடுத்து, மாதிரி எடுக்க என்டிபிஎஸ்ஸில் 52ஏ என்ற பிரிவு இருக்கிறது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டிப்பாகப் பின்பற்றச் சொல்லியும் இருக்கிறது. செய்திருந்தால் எலியைப் பற்றிப் பேசவே தேவை வந்திருக்காது. குற்றவாளியாக இருந்தால் தண்டனை கிடைத்திருக்கும், நிரபராதியாக இருந்தால் ஆரம்பத்திலேயே வெளியே வந்திருப்பார்கள். ஆகவே நான் கேட்பது போலீஸின் கையைக் கட்ட அல்ல, அந்தக் கை செய்ததை எழுதி வைக்க.

'ஒன்றிரண்டு தவறு' என்கிறீர்கள். நடிகர் ஷாருக்கானின் மகனே 2021-இல் ஒரு போதைப்பொருள் வழக்கில் நாலு வாரம் போல உள்ளே இருந்தார், அடுத்த மே மாதம் ஆதாரம் இல்லை என்று அவரைப் பிடித்த அதே போதைப்பொருள் தடுப்புத் துறை குற்றப்பத்திரிகையிலிருந்து அவர் பெயரை விட்டுவிட்டது. நாட்டின் பெரிய வக்கீல்கள் எல்லாம் வரிசையில் நின்றும் நாலு வாரம். தேனி அம்மாவின் மகனுக்கு யார் நிற்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அரசு வழக்கறிஞர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லையே? போலீஸ் கொண்டுவந்ததை நடத்திக்கொடுப்பது மட்டும்தான் அவர்கள் வேலையா? — சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி

நல்ல கேள்வி அம்மா, இதைக் கேட்டதற்காகவே உங்களுக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன்.

சட்டப்படி பி.பி., அதாவது அரசு வழக்கறிஞர், போலீஸின் வக்கீல் இல்லை. 1994-இல் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்ட வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், அரசு வழக்கறிஞர் புலனாய்வுத் துறையின் ஒரு பகுதி அல்ல, போலீஸ் கொடுப்பதை வாங்கி நீட்டும் தபால் ஆபீசும் அல்ல என்ற பொருளில் தெளிவாகச் சொன்னது. வணிக அளவு வழக்குகளில் 180 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய முடியாவிட்டால், ஒரு வருடம் வரை நீட்டிக்கக் கேட்டு அறிக்கை தர வேண்டியவர் அவர்தான். அந்த ஒரு அறிக்கையில் ஒரு மனிதனின் ஆறு மாதம் இருக்கிறது. இன்ஸ்பெக்டரின் கடிதத்தை அப்படியே தன் பெயரில் அடித்துக் கையெழுத்துப் போட்டால் அது மனதைச் செலுத்திய அறிக்கை ஆகாது. இதை எதிர்த்துக் கேள்வி கேட்டுக் கட்டாய ஜாமீன் வாங்கியவர்கள் உண்டு.

நம் ஊரில் பெரும்பாலும் பிரச்சினை, பார்க்காமல் விடுவது. பார்த்துவிட்டு மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் இரண்டு கதைகளை நீங்கள் படிக்க வேண்டும்.

டெக்சாஸில் டூலியா என்று ஏறக்குறைய 5,000 பேர் வாழும் ஊர். 1999 ஜூலையில் ஒரே விடியலில் 46 பேரைக் கைது செய்தார்கள், பெரும்பாலோர் கறுப்பின மக்கள். எல்லோருக்கும் எதிராக ஒரே சாட்சி, டாம் கோல்மன் என்ற மாறுவேடக் காவலர். இவர்களிடம் நான் கொக்கைன் வாங்கினேன் என்றார். ஒலிப்பதிவு இல்லை, படம் இல்லை, கூட ஒரு காவலரும் இல்லை. குறிப்புகளைச் சில நேரம் தன் காலிலேயே எழுதிக்கொண்டதாகச் சொன்னார். கைது செய்த அன்று அந்த வீடுகளில் போதைப்பொருளும் சிக்கவில்லை, பணமும் சிக்கவில்லை. ஆனாலும் ஜூரிகள் நம்பினார்கள், ஒருவருக்கு 90 ஆண்டு விதித்தார்கள், அதைப் பார்த்த மற்றவர்கள் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனை வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கோல்மன் மீதே இடையில் திருட்டு வழக்கில் கைது நடவடிக்கை வந்தது, அது அரசு வழக்கறிஞருக்குத் தெரியும், எதிர்த்தரப்புக்குச் சொல்லவில்லை. 2003-இல் ஆளுநர் 35 பேருக்கு மன்னிப்பு வழங்கினார். 2005-இல் கோல்மன் பொய்ச் சாட்சிக்குத் தண்டிக்கப்பட்டார், ஆனால் சிறை இல்லை, 10 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. அரசு வழக்கறிஞர் மீது டெக்சாஸ் வழக்கறிஞர்கள் அமைப்பு ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது, தொழிலைத் தொடர்ந்து நடத்தத் தடையில்லாத மாதிரி.

இன்னொன்று மாசசூசெட்ஸ். அரசு ஆய்வகத்தில் ஆன்னி டூக்கான் என்ற வேதியியலாளர் சோதிக்காமலே சோதித்ததாக எழுதித் தள்ளினார். 2017 ஏப்ரலில் ஒரே உத்தரவில் 21,587 வழக்குகள் தள்ளுபடியாயின. அதே மாநிலத்தில் ஆம்ஹெர்ஸ்ட் ஆய்வகத்தில் சோன்யா ஃபராக், சோதனைக்கு வந்த போதைப்பொருளைத் தானே பல வருடம் எடுத்துப் பயன்படுத்தியவர். எவ்வளவு காலமாக என்பதைக் காட்டும் அவருடைய சிகிச்சைக் குறிப்புத் தாள்கள் அரசு வழக்கறிஞர்கள் கையில் இருந்தன. அவற்றைக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குக் கொடுக்கவில்லை. அது நீதிமன்றத்தையே ஏமாற்றிய மோசடி என்று 2017-இல் நீதிபதி எழுதினார். 2023-இல் அந்த வழக்கை நடத்திய பெண் வழக்கறிஞரின் தொழில் உரிமத்தையே மாநில உச்ச நீதிமன்றம் பறித்தது. பத்து வருடம் ஆனது, ஆனாலும் நடந்தது. இழப்பீடு கேட்டு அரசு வழக்கறிஞர் மீது வழக்குப் போட அங்கேயும் முடியாது, 1976-இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் கொடுத்த முழுப் பாதுகாப்பு இருக்கிறது. தொழில் உரிமம் ஒன்றுதான் பிடி. அந்தப் பிடியையாவது பயன்படுத்தினார்கள்.

இங்கே என்ன இருக்கிறது? போலீஸ் கைப்பற்றிவிட்டு, வழக்கில் ஆதாரமாகக் காட்டாத ஆவணங்களின் பட்டியலையும் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுக்க வேண்டும் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதை விசாரணை நீதிமன்றங்களில் கேட்கிற வக்கீல்கள் இன்னும் குறைவு. நீங்கள் படித்து வந்து கேளுங்கள். பிறகு ஒருநாள் பி.பி. நாற்காலியில் உட்கார்ந்தால், மகஜரில் குற்ற எண் முன்னாடியே இருப்பதை எதிர்த்தரப்பு கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காமல் நீங்களே இன்ஸ்பெக்டரைக் கேளுங்கள்.

மூன்று வருடம் நடந்து விடுதலையாகிவிட்டேன். பொய்யாகப் போட்டவர்கள் மீது இனி என்ன செய்ய முடியும்? — ராமநாதபுரம்

செய்ய முடியும், ஆனால் நாள்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தீய நோக்கோடு வழக்குப் போட்டதற்காக உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்க விடுதலையான நாளிலிருந்து ஒரே ஒரு வருடம்தான். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு, சம்பவம் நடந்த நாளிலிருந்து ஒரு வருடம். அதாவது விடுதலைக்காகக் காத்திருந்தால் அந்தக் கதவு மூடியிருக்கும், உங்களுக்கு மூடிவிட்டது என்றே நினைக்கிறேன். இன்னும் வழக்கு நடந்துகொண்டிருப்பவர்கள் இப்போதே மனு கொடுங்கள். வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினாலும், அந்தக் கடிதம் நீங்கள் அன்றைக்கே புகார் சொன்னீர்கள் என்பதற்குச் சாட்சி. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருப்பதால் அது வெறும் காகிதமும் இல்லை.

குற்றவியல் நடவடிக்கை என்றால், தொந்தரவு செய்யும் நோக்கில் சோதனையும் கைதும் செய்த அதிகாரிக்கு என்டிபிஎஸ் 58-ஆம் பிரிவில் 6 மாதம் சிறை அல்லது 1,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். நிரபராதிக்கு 10 ஆண்டு, பொய்யாகப் பிடித்த அதிகாரிக்கு ஆயிரம் ரூபாயோடுகூட முடியலாம். இந்த விகிதத்தை எழுதும்போதே கை கூசுகிறது. பொய்க் குற்றச்சாட்டு சுமத்துவதற்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 211, அதன் இடத்தில் வந்த பிஎன்எஸ்ஸில் 248 இருக்கிறது. ஆனால் நீதிமன்றத்தில் நடந்த வழக்கைச் சார்ந்தது என்பதால் அந்த நீதிமன்றமே புகார் அனுப்ப வேண்டியிருக்கும். அதற்கு மனுப் போட வேண்டும். அதிகாரி மீது வழக்குத் தொடர அரசின் அனுமதி தேவைப்படும். புதிய நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸில் 120 நாளுக்குள் முடிவெடுக்காவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கருதப்படும் என்பது ஒரு நல்ல மாற்றம்.

அதோடு ஒன்று. 2014 ஜனவரியில் குஜராத் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களும் ஒரு நிலைக்குழு அமைத்து, விடுதலையில் முடியும் ஒவ்வொரு வழக்கையும் எடுத்துப் பார்த்து, தவறு புலனாய்வு செய்தவருடையதா, வழக்கு நடத்தியவருடையதா என்று முடிவு செய்து, பொறுப்பானவர் மீது துறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. போலீஸ், அரசு வழக்கறிஞர் இருவரையும் ஒரே உத்தரவில் பெயர் சொல்லிக் கொண்டுவந்த தீர்ப்பு அது. உங்கள் வழக்கை எந்தக் குழு, எந்தத் தேதியில் ஆய்வு செய்தது, முடிவு என்ன என்று பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உள்துறைக்கு மனுப் போடுங்கள். நான் என் கட்சிக்காரர்கள் எல்லோரையும் போடச் சொல்கிறேன். கேட்கிறவர்கள் நூறு பேரானால் குழு கூடியே ஆக வேண்டும்.

இழப்பீட்டுக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். விடுதலையான பிறகும் 14 வருடம் சிறையிலேயே வைத்திருந்த பீகார்க்காரருக்கு 1983-இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு கொடுத்ததிலிருந்து அந்த வழி திறந்திருக்கிறது. இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 2018-இல் 50 லட்சம் கொடுக்கச் சொன்னார்கள், அவரைக் கைது செய்தது 1994-இல். அதே 2018-இல் சட்ட ஆணையம் தன் 277-ஆவது அறிக்கையில், தவறாக வழக்குத் தொடரப்பட்டவர்களுக்கு இழப்பீடு ஒரு சட்ட உரிமையாக வேண்டும், அதற்குத் தனி நீதிமன்றங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தச் சட்டம் வரவில்லை. உங்கள் எம்.பி. ஓட்டுக் கேட்டு வரும்போது இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், 277.

நான் கஞ்சா வழக்கிலிருந்து விடுதலையானவன். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வும் உடல் தகுதியும் தேறிவிட்டேன். விண்ணப்பத்தில் வழக்கு பற்றிய கட்டத்தில் என்ன எழுதுவது? — புதுக்கோட்டை மாவட்டம்

தம்பி, இத்தனைக்கும் பிறகு நீங்கள் காக்கி போட நினைப்பதை நான் மிகவும் மதிக்கிறேன். உள்ளதை எழுதுங்கள். மறைத்தால் வேலை போவதற்கு அது ஒன்றே போதும். வழக்கை மறைக்காமல் சொன்னவரின் விடுதலை எப்படிப்பட்டது என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் வழி சொல்லியிருக்கிறது.

ஆனால் தமிழ்நாட்டில் ஒரு சிக்கல் உண்டு. காவலர் பணி விதிகளில், சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்யப்பட்டவர் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார் என்று விளக்கம் இருக்கிறது. நம் நீதிபதிகளில் பலர் மகஜர் பொய் என்று பத்துப் பக்கம் எழுதிவிட்டுக் கடைசிப் பத்தியில் பழக்கதோஷத்தில் 'சந்தேகத்தின் பலனை எதிரிக்கு (குற்றம் சாட்டப்பட்டவருக்கு) அளித்து' என்று எழுதிவிடுகிறார்கள். உங்கள் தீர்ப்பின் கடைசிப் பத்தியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அப்படி இருந்தால், தீர்ப்பின் உடலில் வழக்கே நம்பத்தக்கதல்ல என்று நீதிபதி எழுதியிருக்கும் வரிகளைக் கோடிட்டு, சான்றிட்ட நகலோடு, விண்ணப்பத்துடன் ஒரு விளக்கக் கடிதமும் வையுங்கள். நிராகரித்தால் தாமதிக்காமல் உயர் நீதிமன்றம் போங்கள். வழக்கு இன்னும் நடக்கிறவர்கள், இறுதி வாதத்தை எழுத்தில் கொடுக்கும்போது 'வழக்கு பொய்யானது என்று முடிவு செய்து விடுதலை' என்று கேட்கும்படி உங்கள் வக்கீலிடம் இப்போதே சொல்லி வையுங்கள். சான்றிட்ட நகலில் நாலைந்து கூடுதலாக வாங்கி, ஒன்றை அம்மாவின் பெட்டியில் வையுங்கள்.